அளவுக் கிண்ணமும் சாலை உப்பும்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் யாராவது என்னிடம் "கனடாவில் என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டால், "ரோட்டுக்கு உப்புப் போட்டேன்" என்பேன். பெரும்பாலும் சிரிப்பார்கள். ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆற்றும் தம்பி ஒருநாள், "ஏன் அண்ணே, ரோட்டை ஊறுகாய் போடவா?" என்றார். ஆனால் வேலை நிஜமாகவே அதுதான். தென் ஒன்டாரியோவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் வெளிப்புறப் பராமரிப்புக் குழுவில் இருந்தேன். கோடையில் புல் வெட்டுவோம், அக்டோபரில் இலை அள்ளுவோம், நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் பனி தள்ளுவோம், உப்புத் தூவுவோம். அங்கே இருந்த பிற்பாதி வருஷங்களில் அந்த உப்பைக் குறைப்பதே எங்கள் குழுவுக்கு முக்கிய வேலையாகிவிட்டது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் அக்கா மகன். ஜனவரியில் ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் சேரப் போகிறான். பனிக்காலத்தில் அங்கே விடியற்காலை வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் மாணவர்களையும் எடுப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பனியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கையில் உப்பு வாளியைக் கொடுத்துவிடுவார்கள். அவனுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் உப்பு எதற்கு? தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடும். உப்புக் கரைந்த தண்ணீர் உறைய அதைவிடக் குளிர வேண்டும். எடையில் 23 சதவீதம் உப்பு இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் தாங்கும். அது கண்ணாடிக் குவளைக் கணக்கு. ரோட்டில் மைனஸ் 10-ஐத் தாண்டிவிட்டால் சாதாரண உப்பு கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். இன்னொன்று, பனி முழுவதையும் உப்பே உருக்கிவிட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அப்படி உருக்க மலை மலையாய் உப்பு வேண்டும். ஐஸ் தரையோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் உப்பு. ஒட்டாத ஐஸைத் தள்ள மண்வாரியும் வண்டியும் இருக்கின்றன.

எங்கள் வளாகத்தில் ஒரு காலத்தில் போட்ட உப்பைப் பார்த்தால் நீங்கள் பயந்துவிடுவீர்கள். காய்ந்த நாளில் நடைபாதை வெள்ளை வெளேரென்று இருக்கும், காலடியில் நறநறக்கும். நூலகத்துக் கம்பளத்தில் வெள்ளைத் திட்டுகள், கதவுக் கீல்களில் துரு. சாலையோரத்தில் வேலியாக வளர்த்த சீடர் மரங்கள் ஏப்ரலில் ஒரு பக்கம் மட்டும் கருகி நிற்கும். நாய் வளர்ப்பவர்கள் அதன் பாதம் எரிகிறது என்று புகார் எழுதுவார்கள். கார் நிறுத்தும் கட்டடத்தில் கான்கிரீட் பெயர்ந்து இரும்புக் கம்பி வெளியே தெரிந்த இடங்கள் உண்டு. அதில்தான் எனக்கு உள்ளூரப் பயம். 2012 ஜூனில் ஒன்டாரியோவின் எலியட் லேக்கில் ஒரு பேரங்காடியின் கூரைத்தளம் இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்தக் கூரையின் மேலே கார் நிறுத்துமிடம். உப்புக் கலந்த தண்ணீர் வருஷக்கணக்காகக் கசிந்து இரும்பைத் தின்றிருந்தது. உப்பு ஒருநாளில் எதையும் செய்யாது என்பதால்தான் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

தண்ணீர் விஷயம் இதைவிட மோசம். உப்பில் இருக்கும் குளோரைடு எங்கும் மறைந்து போகாது. மண் அதைப் பிடித்து வைக்காது, செடியும் அதிகம் எடுக்காது, மழைநீர்க் குளத்தில் சேறு படியும், குளோரைடு படியாது. சாதாரணச் சுத்திகரிப்பும் அதை எடுக்காது. எங்களுக்கு அருகில் வாட்டர்லூ வட்டாரத்தில் குடிதண்ணீரில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து வருகிறது. கிணறுகளில் குளோரைடு ஏறிக்கொண்டே போனதால்தான் உப்பைக் குறைக்கும் பயிற்சிகளே அந்தப் பக்கம் தொடங்கின. கனடா அரசு 2001-இல் ஓர் ஆய்வை முடித்து, சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று முடிவு சொன்னது. 2004-இல் அந்த உப்பை எப்படிக் கையாள வேண்டும் என்று நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. நீர்வாழ் உயிர்களைக் காக்க அங்கே நீண்டகால அளவுகோல் லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு. அமெரிக்காவில் 230. பயிற்சியில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 19 லிட்டர் தண்ணீரை அந்த அமெரிக்க அளவுகோலுக்குக் கொண்டுபோய்விடும். கனடா அளவுகோல்படி பார்த்தால் அதே தேக்கரண்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீரைக் கெடுக்கும். நாங்கள் தேக்கரண்டியிலா போட்டோம்? மூட்டை மூட்டையாக.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் கொட்டினார்கள்? அறியாமை கொஞ்சம்தான். பெரும்பகுதி பயம். யாராவது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் வழக்கு வரும். வழக்கு வந்தால் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "உப்புப் போட்டாயா?" தரை வெள்ளையாக இருந்தால் "போட்டேன், பார்" என்று காட்டலாம். ஆக அந்த வெள்ளைப் படலம் பனிக்காகப் போட்டதில்லை, வக்கீலுக்காகப் போட்டது. தனியார் குத்தகைக்காரர்களில் சிலருக்கு உப்புப் போட்ட ஒவ்வொரு தடவைக்கும் காசு என்றுதான் ஒப்பந்தமே இருக்கும். அவர்களிடம் போய்க் குறை என்றால் குறைப்பார்களா? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதைப் புரிந்துகொண்டு, முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கும் உப்புக் குத்தகைக்காரர்களுக்கு வழக்கிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கொடுத்துச் சட்டம் போட்டது. ஒன்டாரியோவில் 2021 ஜனவரியிலிருந்து, தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ விழுந்தவர் வழக்குப் போட வேண்டுமானால் 60 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

எங்கள் குழுவில் பேச்சு மாறியதற்கு என் அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. சிரிக்காதீர்கள். அம்மா ரப்பர் காலத்தில் பால் வெட்டி, பிறகு அதே தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு மாறியபோது உரம் போடும் கூட்டத்துக்குப் போனவர். கைப்பேசியில் ஒருநாள் என் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு எடத்துக்கு எத்தன கிண்ணம்யா போடுவீங்க?"

"கிண்ணக் கணக்கெல்லாம் இல்லம்மா. தரை மூடுற வரைக்கும் போடுவோம்."

"கணக்கு இல்லாம எப்படி? மண்டோர் சும்மா வுடுவாரா?"

தோட்டத்தில் உரம் போட்ட யாருக்கும் இது புரியும். காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் கூட்டத்தில், ஆள் பிரித்து, மரத்துக்கு இத்தனை கிண்ணம் என்று சொல்லிவிடுவார்கள். கிண்ணம் அளந்து செய்தது. நிரப்பித் தட்டினால் இத்தனை கிராம் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரியும். மாலையில் காலி மூட்டைகளை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். ஏனென்றால் அங்கே ஆசை வேறு மாதிரி. வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு மரத்தடியிலேயே மூட்டையைக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். அம்மா கிண்ணத்தால் போட்டதும் ஒருவகை உப்புத்தான். சிவப்பாக இருக்குமே, எம்.ஓ.பி. அது பொட்டாசியம் குளோரைடு. எடையில் கிட்டத்தட்டப் பாதி குளோரைடு. மலேசியா அதை இறக்குமதி செய்கிறது, கனடாவிலிருந்தும் வருகிறது. உலகில் இந்த உரத்துக்கான பொட்டாஷ் உப்பை அதிகம் எடுக்கும் நாடும் கனடாதான். நான் ரோட்டில் போட்டது ஒன்டாரியோவின் கோடரிச்சில், ஹூரான் ஏரிக்கு அடியில் வெட்டும் சுரங்கத்து உப்பு. உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அது. இரண்டுமே வற்றிப்போன பழங்காலக் கடல்கள் விட்டுப்போன உப்பு; அம்மாவும் மகனும் ஆளுக்கொரு கடலின் உப்பைத் தூவிச் சம்பளம் வாங்கியிருக்கிறோம். செம்பனைக்குக் குளோரைடு கெடுதல் இல்லை, நல்லதுங்கூட. ஒன்டாரியோவின் சிறு ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த வருஷம் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்றுநர் ஆரம்பித்ததே அம்மாவின் கேள்வியிலிருந்துதான், அவருக்கே தெரியாமல். "உங்கள் தூவும் எந்திரத்தில் 4-ஆம் எண்ணில் கதவைத் திறந்தால் நிமிஷத்துக்கு எத்தனை கிலோ விழும்?" அறையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இருபது முப்பது வருஷம் அனுபவம் உள்ளவர்கள் அந்த அறையில் இருந்தார்கள்.

அளவு பார்ப்பது எளிது, ஆனால் அலுப்பான வேலை. வண்டியை நிறுத்தி வைத்து, தூவும் தட்டுக்குக் கீழே தார்ப்பாய் விரித்து, ஒரு நிமிஷம் ஓட்டி, விழுந்ததைத் தராசில் நிறுக்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் இப்படி. அப்புறம் கணக்கு. மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் நிமிஷத்துக்குச் சுமார் 167 மீட்டர். தூவும் அகலம் 3 மீட்டர் என்றால் 500 சதுர மீட்டர். நிமிஷத்துக்கு 20 கிலோ விழுந்தால் சதுர மீட்டருக்கு 40 கிராம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதே இடத்தில் 80 கிராம் விழும். இது எங்களில் பலருக்கு உறைக்கவே இல்லை, மெதுவாகப் போனால் கவனமாகப் போடுகிறோம் என்று நினைத்தார்கள். கணக்கை ஓர் அட்டையில் எழுதி வண்டிக்குள் ஒட்டினோம். ஒரே மாடல் வண்டி இரண்டு இருந்தாலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் நிறுக்க வேண்டும், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. உப்பு ஈரமாக இருந்தால் அளவு மாறும். பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, எந்திரத்தைப் பிரித்து மாட்டினால் மறுபடி ஒருமுறை.

கையால் போடுகிறவர்களுக்குக் காப்பிக் குவளை. சும்மா ஒரு 350 மில்லிலிட்டர் குவளை. அது நிறைய உப்பு, நடைபாதையில் பத்துக் கான்கிரீட் கட்டங்களுக்கு, அல்லது 20 அடி கார் வழிக்குப் போதும். மணிகள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று விரற்கடை தள்ளி விழ வேண்டும். புதிதாக வந்த மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டு "போடவே இல்லையே" என்பார்கள். அரைமணி கழித்துத் திரும்பி வந்து பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது வெப்பமானி. கைப்பேசி சொல்லும் குளிர் காற்றின் குளிர். உப்புக்கு வேண்டியது தரையின் குளிர். இரண்டும் பல டிகிரி வித்தியாசப்படும். ஒரு கட்டடத்தின் தெற்குப் பக்கம் வெயில் வாங்கி ஈரமாக இருக்கும்போது வடக்குப் பக்கப் படிக்கட்டு கண்ணாடியாக உறைந்திருக்கும். அகச்சிவப்பு வெப்பமானியைத் தரைக்கு நேரே நீட்டினால் எண் வந்துவிடும், விலையும் அதிகமில்லை. அந்த எண் ஏன் முக்கியம் என்றால்: தரை மைனஸ் 1 டிகிரியில் இருந்தால் ஒரு கிலோ உப்பு சுமார் 46 கிலோ ஐஸை உருக்கும். மைனஸ் 7-இல் எட்டரை கிலோ. மைனஸ் 12-இல் 5 கிலோ மட்டும். குளிர் கூடக் கூட உப்பையும் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அங்கேதான் மூட்டைகள் காணாமல் போகும். மைனஸ் 15-இல் சாதாரண உப்பைப் போடுவது காசை எறிவது. அப்போது கால்சியம் குளோரைடு கொஞ்சம் போடலாம், அது இன்னும் கடுங்குளிரிலும் வேலை செய்யும், ஆனால் விலை அதிகம், அதுவும் குளோரைடுதான். இல்லாவிட்டால் பிடிமானத்துக்கு மணல். மணல் எதையும் உருக்காது, வசந்தத்தில் கூட்டி அள்ள வேண்டும், வடிகாலை அடைக்கும். மணலையும் உப்பையும் பாதிக்குப் பாதி கலந்து போடும் பழக்கம் எங்களிடம் இருந்தது. இரண்டுக்கும் கேடு. உப்பு ஐஸை இளக்கும், மணல் அதில் மூழ்கிவிடும். அதை நிறுத்தினோம்.

பெரிய மிச்சம் வந்தது உப்பு நீரால். பனி விழுவதற்கு முன்பே காய்ந்த தரையில் உப்பு நீரைக் கோடு கோடாகத் தெளித்துவிடுவது. தண்ணீர் காய்ந்து, மெல்லிய உப்புப் பூச்சு தரையில் நிற்கும். பனி விழுந்ததும் அடியில் ஒட்டாது. தள்ளினால் கருந்தரை தெரியும். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 300 கிலோ உப்பு, அந்த 23 சதவீதம். உப்பு நீரின் அடர்த்தி காட்டும் மிதவைமானி வைத்துச் சரிபார்ப்போம். ஒட்டிய ஐஸைப் பிறகு உரிப்பதற்கு ஆகும் உப்பில் இது சிறு பங்கு. கோடு கோடாக ஏன் என்றால், முழுத் தரையும் நனைந்தால் அதுவே வழுக்கும். மழையாகத் தொடங்கிப் பனியாக மாறும் நாளில் தெளிக்கக் கூடாது, மழை கழுவிக்கொண்டு போய்விடும். இதனால் நாங்கள் வானிலை அறிக்கையைப் படிக்கிற விதமே மாறிப்போனது. "எத்தனை சென்டிமீட்டர்" என்பதைவிட "எப்போது தொடங்கும், முதலில் என்ன விழும்" என்பதுதான் கேள்வி. உரம் போட்ட அன்று மாலை பெருமழை வந்தால் தோட்டத்தில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை.

கல் உப்பைப் போடும்போதும் கொஞ்சம் உப்பு நீரில் நனைத்தே போட்டோம். காய்ந்த மணி தரையில் பட்டுத் துள்ளி ஓரத்துப் புல்லுக்குப் போய்விடும். ஏறக்குறைய 30 சதவீதம் அப்படிப் போகும் என்று பயிற்சியில் சொன்னார்கள், ரோட்டோரக் குவியல்களைப் பார்த்தவனுக்கு அது ஆச்சரியமில்லை.

அப்புறம், முதலில் தள்ளு, பிறகு தூவு. எளிதான விதி, ஆனால் விடிகாலை 4 மணிக்கு, மைனஸ் 8-இல், தோள் வலிக்கும்போது, பனி மேலேயே உப்பை வீசிவிட்டு வண்டிக்குள் ஏறத்தான் மனசு சொல்லும். நடைபாதைகளுக்குச் சுழலும் தூரிகை வண்டி வாங்கினார்கள். மெல்லிய பனியை அது தரை வரைக்கும் துடைத்துவிடும், சில நாள் உப்பே தேவைப்படாது. இன்னொரு முடிவு காகிதத்தில் எடுத்தது: ஒரே கட்டடத்துக்கு நான்கு படிக்கட்டு இருந்தால் குளிர்காலத்தில் இரண்டைச் சங்கிலி போட்டு மூடிவிடுவது. சக்கர நாற்காலி வழியையும் முக்கிய வாசலையும் நன்றாகப் பராமரிப்பது. எந்த எந்திரத்தையும்விட அதிகம் உப்பை மிச்சப்படுத்தியது இந்தச் சங்கிலிதான் என்பது என் எண்ணம். அதிகப் புகார் வந்ததும் அதற்குத்தான். ஒரு பேராசிரியர் பருவம் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார், தன் அறைக்குப் போகும் குறுக்குப்படி மூடியிருக்கிறதாம்.

குழுவுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. பழைய ஆள் ஒருவர், பனி வேலையில் தலை நரைத்தவர், "குறைத்துப் போட்டு ஒருத்தன் விழுந்தால் கோர்ட்டில் நீ வந்து நிற்பாயா?" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அவரை மாற்றியது சுற்றுச்சூழல் பேச்சு அல்ல, ஒரு காகிதம். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம், தரை வெப்பம், எந்த இடம், எத்தனை கிலோ, தள்ளினோமா, யார் போனது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி அவரிடம் எடுத்துச் சொன்னார்: தரையில் கிடந்த வெள்ளை உப்பு மறுநாள் இருக்காது, வழக்கு வருஷம் கழித்து வரும், அன்றைக்கு உங்களைக் காப்பது இந்தத் தாள்தான். அதிலிருந்து எங்கள் குழுவில் அவர் எழுதும் தாள்தான் மிகச் சுத்தமாக இருந்தது. பயத்தை அப்படியே வைத்துக்கொண்டு உப்பை மட்டும் குறை என்றால் யாரும் குறைக்க மாட்டார்கள். நிறைய இடங்களில் சுற்றறிக்கை மட்டும் அனுப்பிவிட்டு, ஏன் குறையவில்லை என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் "பச்சை", "இயற்கை", "செல்லப்பிராணிக்குப் பாதுகாப்பு" என்று பை மேல் எழுதி விற்பதை நம்பி ஒரு பருவம் வாங்கினார்கள். பின்பக்கம் பொருள் பட்டியலைப் படித்தால் பலவற்றில் அதே சோடியம் குளோரைடு, மேலே கொஞ்சம் வண்ணம். சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் சாறு கலந்ததும் ஒன்று வந்தது. உப்பு தரையில் ஒட்டி நிற்க அது உதவியது, ஆனால் வாசலில் பழுப்புக் கறை, துப்புரவுப் பணியாளர்கள் எங்களைத் திட்டினார்கள்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். முதல் நாள் வேலைக்குப் போனதும், "சார், இந்த எந்திரம் நிமிஷத்துக்கு எத்தனை கிலோ போடும்?" என்று கேள். பதில் இருந்தால் நல்ல இடம். இல்லையென்றால் தராசு எங்கே இருக்கிறது என்று கேள், முறைக்க மாட்டார்கள், அங்கே கேள்வி கேட்பவனை மரியாதைக்குறைவு என்று நினைப்பதில்லை. காய்ந்த தரையில் உப்பு மிச்சம் கிடந்தால் அது அதிகமாகப் போட்டதன் அடையாளம். கூட்டி வாளியில் போட்டுவிடு, அடுத்த பனிக்கு அதே உப்பு வேலை செய்யும். உப்பு மூட்டையைத் திறந்த வெளியில் வைக்கச் சொன்னால் மேலே தார்ப்பாய் போடு, கீழே பலகை வை.

"மாமா, வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்னு சொல்றாங்களே?" என்றான். அது வளாகத்துக்கு வெளியே பார்க்கும் வேலைக்கு, 2024 நவம்பரிலிருந்து. வளாகத்துக்குள் தகுதியோடு பார்க்கும் வேலைக்கு அந்த மணிக்கணக்கு இல்லை, ஆனால் விதி அடிக்கடி மாறும், சேரும்போது கல்லூரியிலேயே கேட்டுக்கொள் என்றேன். காலணி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஈப்போவில் விற்கும் "பனிக் காலணி" எதையும் வாங்காதே, அங்கே போய் வாங்கு, அரை அளவு பெரிதாக, உள்ளே இரண்டு காலுறை போடும்படி. உப்பு தோலை வெடிக்க வைக்கும், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உலரவை, ஹீட்டர் மேல் வைத்துவிடாதே.